கழுத்துப்பட்டை சொல்லும் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நாய் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது. அதன் கழுத்துப்பட்டையில் மாட்டிய, அசைவைக் கணக்கிடும் கருவியின் செயலியோ 'சுறுசுறுப்பான நாள்' என்கிறது. எதை நம்புவது?

நாயைத்தான். பட்டையில் இருக்கும் கருவிக்குள் ஒரு முடுக்கமானி இருக்கிறது. மேல்-கீழ், முன்-பின், பக்கவாட்டு என்று மூன்று திசைகளிலும் வேகம் மாறுவதை அது நொடிக்குப் பல முறை அளக்கும். கழுத்து ஆடுவதுதான் அதற்குத் தெரியும். அந்த ஆட்டத்தை வைத்து இது நடை, இது ஓட்டம் என்று ஊகிப்பது மென்பொருளின் வேலை. காதை உதறுவது, பின்னங்காலால் சொறிவது, எலும்பைக் கடித்து இழுப்பது எல்லாமே சில கருவிகளின் கணக்கில் உடற்பயிற்சியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நானே ஏமாந்திருக்கிறேன். என் நாய்க்குக் கருவி காட்டிய அசைவு எண்ணிக்கை ஒரு வாரமாக ஏறிக்கொண்டே போனது. நன்றாக ஓடுகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் இடது காது மடலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே சிவந்து, பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. இராத்திரியெல்லாம் தலையை உதறியிருக்கிறாள். நாள் மொத்தத்தை விட்டுவிட்டு மணிவாரி வரைபடத்தைத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதிகாலை 2 மணிக்கு எந்த நாய் வாக்கிங் போகிறது?

கேள்வி: கருவியைக் கழுத்தில் எந்தப் பக்கம் மாட்டுவது?

தொண்டைக்குக் கீழே. எடை அங்கேதான் தானாக இறங்கி நிற்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் நாயோடு சேர்ந்து கருவியும் தனியாக ஆட்டம் போடும். முக்கியமாக, நடைக்கயிற்றை அதே பட்டையில் கோர்க்காதீர்கள். நீங்கள் இழுக்கிற இழுப்பும் பதிவாகும். கயிற்றுக்கு மார்புப்பட்டை தனியாக இருக்கட்டும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு நாய்கள். ஒரே வாக்கிங்தான், ஆனால் குட்டையான நாய்க்குத்தான் காலடி அதிகம் காட்டுகிறது. பெரியது சோம்பேறியா?

பாவம், அதைத் திட்டாதீர்கள். கால் குட்டையாக இருந்தால் அதே தூரத்துக்குக் கூடுதல் அடி வைத்தே ஆகவேண்டும். இரண்டு நாய்களை ஒப்பிடுவதற்கு இந்த எண் உதவாது. அந்தந்த நாயின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் சும்மா பதிவு செய்யுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் நாயின் கணக்கும் மாறும், அதனால் இரண்டு வார இறுதிகளாவது உள்ளே வரட்டும். நடுவில் வேறு கருவிக்கு மாறினால் பழைய எண்ணை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 11 வயது நாய்க்கு மூட்டு வலி. மருந்து கேட்கிறதா என்று இதில் தெரியுமா?

இந்தக் கருவியின் நல்ல பயனே இதுதான். ஆனால் 'மருந்து கொடுத்தும் மொத்தம் ஏறவில்லையே' என்று உடனே சோர்ந்துபோகாதீர்கள். வலியுள்ள நாய் இரவில் புரண்டு புரண்டு படுக்கும், எழுந்து இடம் மாறும். வலி குறைந்தால் அந்த அசைவு அடங்கும், பகலில் கொஞ்சம் கூடும். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சரிக்குச் சரியாகி ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். இரவையும் பகலையும் பிரித்துப் பாருங்கள். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் எந்தக் காலை ஊன்றுகிறது, படிக்கட்டுக்கு முன் தயங்குகிறதா என்பதையும் எழுதி வையுங்கள். கழுத்துப்பட்டை அதைச் சொல்லாது. வரைபடத்தைப் பார்த்து மருந்தளவை நீங்களே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: செயலி சொல்லும் கலோரியை வைத்துச் சாப்பாட்டை முடிவு செய்யலாமா?

வேண்டாம். அது தோராயத்தின் மேல் போட்ட தோராயம். சாப்பாட்டுக்கு எடை பார்க்கும் தராசும், விலா எலும்பைத் தடவிப் பார்க்கும் உங்கள் கையும் போதும்.