ஸ்பீட் டெஸ்ட்ல 30 காட்டுது, வீடியோ மட்டும் சுத்துது: சிம் கம்பெனி தடுக்கறாங்களா?

சென்னிமலை பக்கத்துல தோட்டத்துல குடியிருக்கற ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க: "ஏனுங்க, எங்க மாமியார் ராத்திரி எட்டு மணிக்கு மேல சாளைல கட்டில்ல உக்காந்து போன்ல சீரியல் பாப்பாங்க, மொபைல் டேட்டாதான். எட்டானா போதும், வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது, வந்தாலும் மூஞ்சி தெரியாத அளவுக்கு மங்கலா வருது. ஸ்பீட் டெஸ்ட் போட்டா 30 எம்பிபிஎஸ் காட்டுது. ஒறம்பரை ஊட்டு வைஃபைல அதே போன், அதே ஆப், தெளிவா ஓடுது. சிகாகோல இருக்கற என்ற தம்பி, அங்கெல்லாம் சிம் கம்பெனியே வீடியோவைக் குறைச்சுத்தான் விடுவாங்க, நம்மூர்லயும் அதேதான்ங்கறான். நெசமுங்களா? விபிஎன்னு டேட்டாவை வேற சர்வர் வழியா சுத்தி உடற ஆப் இருக்காம், அதைப் போட்டா சரியாயிரும்ங்கறாங்க, போடலாமா, இல்ல வேற கம்பெனிக்கே மாறிக்கலாமா?"

அம்மிணி, உங்க தம்பி சொன்னது அவரு ஊருக்குச் சரிங்க. நம்மூருக்கு அப்படியே பொருந்தாது. அதுக்காக நம்மூர்ல அப்படி நடக்கவே நடக்காதுன்னும் நான் சொல்லல, ஆனா கம்பெனி மேல பழி போடறதுக்கு முன்னாடி உங்க சாளைலயே பாக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. நான் பல வருசம் டவர் வேலைக்கு ஈரோடு, திருப்பூர் சுத்துப்பட்டுல அலைஞ்சவன், இந்த "ஸ்பீட் இருக்கு வீடியோ இல்ல"ங்கற புகாரை அத்தனை தடவை கேட்டிருக்கறனுங்க.

மொதல்ல ஒரு வித்தியாசம் மனசுல வாங்கிக்கங்க. உங்க பக்கம் கீழ்பவானி வாய்க்கால் தண்ணி பாயுதில்லைங்களா, கடைமடைக்கு தண்ணி வரலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், மேல இருக்கறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல பாய்ச்சறாங்க அதனால வரல, இல்லைன்னா யாரோ உங்க மடையை மட்டும் அடைச்சுட்டாங்க. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும், வயல் காஞ்சு கெடக்கும். ஆனா மொதல்லதுல எல்லாருக்கும் கொறையும், ராத்திரி எல்லாரும் தூங்குனா வந்துரும். ரெண்டாவதுல உங்களுக்கு மட்டும், எந்த நேரமும், ஒரே அளவாத்தான் வரும். நெட்வொர்க்குலயும் இதேதானுங்க. டவர்ல கூட்டம்னா வாட்சப் போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாமே இழுக்கும், ஸ்பீடு 12, 3, 7, 1ன்னு தாறுமாறா குதிக்கும். கம்பெனி ஒரு ஆப்பை மட்டும் புடிச்சு நிறுத்தினா அந்த ஆப் மட்டும், காத்தால ஆறு மணிக்கும், மட்டம் வெச்ச மாதிரி ஒரே நம்பர்ல நிக்கும்.

இப்ப உங்க கதைக்கு வர்றன். மங்கலா வர்றதும் சுத்திக்கிட்டு நிக்கறதும் வேற வேற வியாதிங்க, ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

மங்கலுக்கு மொத சந்தேகம் ஆப்போட செட்டிங்ஸ் மேலதான். அனேகமா எல்லா வீடியோ ஆப்லயும் வைஃபைக்குத் தனி, மொபைல் டேட்டாக்குத் தனின்னு குவாலிட்டி வெக்கற இடம் இருக்கும், மொபைல் டேட்டாவை "டேட்டா சேவர்"ல போட்டிருந்தா நெட் எவ்வளவு வேகமா இருந்தாலும் அது மங்கலாத்தான் குடுக்கும். உங்களுக்கு வைஃபைல மட்டும் தெளிவுங்கறதால இதை மொதல்ல பாருங்க. போன் செட்டிங்ஸ்லயும் தனியா ஒரு டேட்டா சேவர் இருக்கும், அதையும் பாருங்க. வைஃபைலயும் மங்கல்னு சொல்றவங்களுக்குக் காரணம் வேற: வாங்கின பிளானே அப்படி இருக்கலாம் (நெட்ஃப்ளிக்ஸோட மொபைல் பிளான் 480பிங்கற சுமாரான தெளிவு வரைக்கும்தான்), இல்ல வெலை கம்மியான சில போன்கள்ல, வீடியோவைத் திருட்டுத்தனமா காப்பி எடுக்காம இருக்க வெக்கற வைட்வைன்ங்கற பூட்டு, எல்1ங்கற ஒசந்த தரத்துல இல்லாம எல்3ங்கற கீழ் தரத்துலதான் இருக்கும், அதுல பல ஆப் ஹெச்டி குடுக்காது. இதுல சிம் கம்பெனிக்கு சம்பந்தமே இல்லைங்க.

சுத்திக்கிட்டு நிக்கறதுதான் நெட்வொர்க் சமாச்சாரம். நான் ஒண்ணு கேக்கறன், அந்த 30ங்கற ஸ்பீட் டெஸ்டை எங்க நின்னு, எத்தனை மணிக்குப் போட்டீங்க? கோவிச்சுக்காதீங்க, பத்துல எட்டுப் பேரு பகல்ல வாசல்ல நின்னு போட்டுட்டு ராத்திரி ஊட்டுக்குள்ள பாக்கற வீடியோவைப் பத்தி சொல்றாங்க. போன மாசம் அறச்சலூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தனுங்க, சாளைக்கு மேல தகர சீட்டு, சுத்தியும் தென்னை. கட்டில் மேல போனை வெச்சு சிக்னல் அளவு பாத்தா மைனஸ் 114. அதே போனை எடுத்துக்கிட்டு எட்டடி நடந்து களத்துக்கு வந்தா மைனஸ் 96. இந்த நம்பர் போன் செட்டிங்ஸ்ல அபவுட் போனுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ்னு இருக்கற எடத்துல வரும், மைனஸ் 90க்குள்ள இருந்தா நல்லது, 110ஐத் தாண்டுனா வீடியோவுக்கு ஆகாது. தகரம் சிக்னலைத் திருப்பி அடிச்சுரும், ஓலைல இருக்கற ஈரம் உயர் அலைவரிசையை உறிஞ்சிரும். அந்தப் பெரியவரு ரெண்டு வருசமா கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருந்தாரு, கட்டிலைத் திண்ணைக்கு மாத்திப் போட்டதுல பாதி சரியாயிருச்சு.

மீதிப் பாதி கூட்டம். ஒரு டவர்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கொள்ளளவு இருக்கு, அதை அந்தப் பக்கத்துல இருக்கற அத்தனை போனும் பங்கு போட்டுக்கறது. பெருந்துறை சிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்குத் திரும்பறவங்க, தறி ஓட்டி முடிச்சவங்க, படிக்கற பசங்க எல்லாரும் எட்டுல இருந்து பத்தரை வரைக்கும்தான் போனை எடுப்பாங்க, கிரிக்கெட் சீசன்னா கேக்கவே வேண்டாம். 480பிக்கு 1, 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகம் போதும், 720க்கு 3, முழு ஹெச்டிக்கு 5 வேணும். நம்ம பங்கு ஒண்ணுக்குக் கீழ போச்சுன்னா சுத்த ஆரம்பிச்சுரும், அவ்வளவுதானுங்க. கூட்டம் இயற்கைதான், ஆனா கொள்ளளவைக் கூட்டாம விடறது இயற்கை இல்ல. காங்கேயம் பக்கம் ஒரு இடத்துல நாலஞ்சு டவருக்கும் சேத்து டேட்டா கொண்டாந்து சேக்கறதுக்கு ஒரே ஒரு பழைய மைக்ரோவேவ் லிங்க் (கம்பியில்லா இணைப்பு), பைபர் இழுக்கறோம் இழுக்கறோம்னு ஒரு வருசத்துக்கு மேல ஓட்டினாங்க, அந்த ஊரு சனங்க கஸ்டமர் கேருக்குப் போட்ட ஒவ்வொரு போனுக்கும் "ஹேண்ட்செட்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னே பதில் போச்சு. எனக்குத் தெரியும் குத்தம் எங்கன்னு, சொல்ற அதிகாரம் அப்ப எனக்கு இல்ல. அந்த வெசனம் இன்னும் இருக்குதுங்க, அதனாலதான் இத்தனை வெவரமா எழுதறன்.

டேட்டா தீந்து போச்சாங்கறதையும் பாத்துக்கங்க. டெய்லி 1.5 ஜிபி பிளான்ல ஹெச்டி ஓட்டினா மணிக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும், அரை மணி நேரத்துல காலி, அப்பறம் பல பிளான்ல வேகம் 64 கேபிபிஎஸ்க்கு எறங்கிரும், அந்த வேகத்துல ஒரு எம்பி எறங்கவே ரெண்டு நிமிசம் ஆகும். சரியா ராத்திரி 12 அடிச்சதும் வேகம் திரும்பிருச்சுன்னா காரணம் அனேகமா இதுதான்.

சரி, தம்பி சொன்ன விசயம். அமெரிக்காவுல இது ஒளிவு மறைவில்லாம நடந்ததுதானுங்க. 2012ல ஏடி அண்ட் டிங்கற சிம் கம்பெனி, ஐபோன்ல வர்ற ஃபேஸ்டைம் வீடியோ காலை மொபைல் டேட்டால ஓட்டணும்னா குறிப்பிட்ட பிளான் எடுத்தாத்தான்னு சொன்னாங்க. 2015 நவம்பர்ல டி-மொபைல்ங்கற இன்னொரு கம்பெனி 'பின்ஜ் ஆன்'னு ஒண்ணு கொண்டாந்து, வீடியோவை 480பிக்கு எறக்கி 1.5 எம்பிபிஎஸ் அளவுல புடிச்சு விட்டாங்க, அதுல சேந்த ஆப்புக்கு டேட்டா கணக்கு இல்லைன்னு ஆசையும் காட்டுனாங்க. இன்னைக்கும் அங்க பல பிளான்ல வீடியோ இவ்வளவு தரம்தான்னு எழுதியே விக்கறாங்க. எந்த ஆப்பையும் தடுக்கவோ மெதுவாக்கவோ கூடாதுன்னு அங்கத்த தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி 2015ல போட்ட விதியை 2017ல அவங்களே நீக்கினாங்க, 2024ல திருப்பிக் கொண்டாந்தாங்க, 2025 ஜனவரி 2ஆம் தேதி கோர்ட்டு அதைத் தள்ளிருச்சு.

நம்மூர்ல கதை வேற. 2014 டிசம்பர்ல ஏர்டெல் நெட் வழியா பேசற காலுக்குத் தனிக் காசுன்னு அறிவிச்சு, எதிர்ப்பு வந்து கைவிட்டாங்க. அடுத்த வருசம் நம்ம நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய், இப்படி ஆப்புக்கு ஆப் பாகுபாடு பண்ணலாமான்னு கருத்து கேட்டப்ப பத்து லட்சத்துக்கும் மேல மெயில் போச்சு, நம்ம சனங்க போட்ட மெயிலுங்க அது. 2016 பிப்ரவரி 8ல டிராய், ஆப்புக்கு ஆப் டேட்டா வெலையை மாத்தக் கூடாதுன்னு விதி போட்டுச்சு, மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். 2018 ஜூலை 31ல தொலைத்தொடர்புத் துறை லைசென்ஸ் நிபந்தனையிலயே சேத்துருச்சு: எந்த உள்ளடக்கத்தையும் தடுக்கறதோ, வேகத்தைக் குறைக்கறதோ, தரத்தைக் கெடுக்கறதோ, ஒருத்தருக்கு மட்டும் கூடுதல் வேகம் குடுக்கறதோ கூடாது. நெரிசல் நேரத்துல நியாயமான நிர்வாகம்னு ஒரு விலக்கு இருக்கு, ஆனா அது அளவா, தற்காலிகமா, வெளிப்படையா இருக்கணும். 2020 மார்ச் லாக்டவுன்ல மொபைல்ல எல்லாமே 480க்கு எறங்குச்சே, அது சிம் கம்பெனி பண்ணதில்ல, ஆப் கம்பெனிகளே சேந்து முடிவு பண்ணி எறக்குனது. வீடியோ கம்பெனிக நெட்வொர்க் செலவுல பங்கு குடுக்கணும்னு டெலிகாம் கம்பெனிக சங்கம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு அதுல ஒப்புதல் இல்லைங்க. நீங்க ரீசார்ஜ் பண்ணும்போதே அந்த 1.5 ஜிபிக்குக் காசு குடுத்தாச்சு, அதுல சீரியல் பாக்கறதா பாடம் படிக்கறதாங்கறது உங்க இஷ்டம்.

இப்ப நெசமாவே அடைக்கறாங்களான்னு கண்டுபுடிக்கற வழி. நம்ம வீடியோ பூட்டித்தான் போகும், உள்ள என்ன சீரியல்னு கம்பெனிக்குத் தெரியாது, ஆனா எந்த ஆப்போட சர்வருக்குப் போகுதுன்னு கவர் மேல அட்ரஸ் மாதிரி தெரியும், அதை வெச்சு வேகத்தைக் குறைக்க முடியும். சாதா ஸ்பீட் டெஸ்ட் இதைப் புடிக்காது, அது வேற சர்வருக்குப் போறது. அதனால மாமியார் கட்டில்லயே உக்காந்து, ராத்திரி எட்டரைக்கு, சாதா டெஸ்ட் ஒண்ணு போட்டுட்டு உடனே ஃபாஸ்ட் டாட் காம் போடுங்க, அது நெட்ஃப்ளிக்ஸோட சொந்த வீடியோ சர்வர்ல இருந்தே அளக்கும். அதே ரெண்டையும் அடுத்த நாள் காத்தால ஆறு மணிக்கு அதே கட்டில்ல போடுங்க. அன்னைக்கு டேட்டா தீராம இருந்தும் ராத்திரி ரெண்டுமே கொறைஞ்சு காத்தால ரெண்டுமே ஏறினா அனேகமா கூட்டம்தான். ரெண்டு நேரமும் சாதா டெஸ்ட் 30, ஃபாஸ்ட் டாட் காம் மட்டும் ஒண்ணரைலயே நின்னா விசயம் இருக்குதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க பண்ணின 'வெஹே'ன்னு ஒரு இலவச ஆப். அது வீடியோ ஆப் மாதிரியே ஒரு தடவை டேட்டா வாங்கும், அடுத்து அதையே அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி வாங்கும், ரெண்டு வேகத்துக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா சொல்லிரும். ஒரு தடவை வந்ததை நம்பாதீங்க, மூணு நாள் போட்டுப் பாருங்க.

விபிஎன் கேட்டீங்களே. சோதனைக்கு ஒரு பத்து நிமிசம் போட்டுப் பாக்கலாம், போட்டதும் வீடியோ பளிச்சுன்னு வந்தா சந்தேகம் கூடும், ஆனா அது மட்டும் சாட்சி ஆகாது, விபிஎன் டேட்டா போற ரூட்டையே மாத்திரும், பழைய ரூட்ல பழுது இருந்தாலும் இப்படி ஆகும். தினமும் பாக்கறதுக்கு விபிஎன் வேண்டாங்க. டவர்ல கூட்டம்னா அது ஒண்ணும் பண்ணாது, பல வீடியோ ஆப் விபிஎன்ல ஓடவே ஓடாது, இலவச விபிஎன்ல உங்க டேட்டாவைப் பாக்கறவங்க யாருன்னே தெரியாது, அதே போன்ல பேங்க் ஆப் வேற வெச்சிருப்பீங்க.

கம்பெனி மாத்தறதுக்கு அவசரப்படாதீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை, யாருகிட்ட வேற கம்பெனி சிம் இருக்கோ ராத்திரி எட்டரைக்கு அவங்க போனை அதே கட்டில்ல வெச்சு வீடியோ ஓட்டிப் பாருங்க. ஈரோட்டுல நல்லா வருதுங்கறதை வெச்சு சென்னிமலைக்கு முடிவு பண்ணக் கூடாது, டவருக்கு டவர் மாறும். இப்ப இருக்கற கம்பெனில 90 நாள் முடிஞ்சிருந்தா PORTனு அடிச்சு, எடம் விட்டு உங்க நம்பரையும் அடிச்சு 1900க்கு மெசேஜ் போட்டா ஒரு கோடு வரும், அதைப் புதுக் கம்பெனிகிட்டக் குடுத்து அதே நம்பரோட மாறிக்கலாம்.

புகார்னா இப்படிப் போங்க. தேதி, நேரம், இடம், ரெண்டு டெஸ்ட் நம்பர், சிக்னல் அளவு இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி ஸ்கிரீன்ஷாட்டோட வெச்சுக்கிட்டு உங்க சிம் கம்பெனியோட புகார் நம்பர் 198க்குக் கூப்பிட்டு புகார் நம்பர் கேட்டு வாங்குங்க, "நெட் ஸ்லோ"ன்னு சொல்லாதீங்க, "இந்த டவர்ல ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் நெரிசல்"னோ "இந்த ஆப் மட்டும் எல்லா நேரமும் இந்த வேகத்துல நிக்குது"ன்னோ சொல்லுங்க, பதில் மாறும். அவங்க சொல்ற பதில் சரியில்லைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரிக்குப் போகலாம், காசு கெடையாது. தனி ஆளு புகாரை டிராய் விசாரிக்காது, அங்க எழுதி நாளைக் கடத்தாதீங்க, தொலைத்தொடர்புத் துறை குறைதீர்ப்புக்கு மத்திய அரசோட பொதுக் குறை போர்ட்டல் வழியாப் போடுங்க. அதுக்கும் மேலன்னா ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. முன்னாடி டெலிகாம் கேஸ் எங்ககிட்ட வராதுன்னு திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு அதைத் தீத்து வெச்சு, போகலாம்னு சொல்லிருச்சு. குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் இல்ல.

உங்களுக்கு நான் நெனைக்கறது டேட்டா சேவரும் தகர சீட்டும் எட்டு மணிக் கூட்டமும் சேந்த கூட்டுங்க. மொதல்ல செட்டிங்ஸை மாத்துங்க, கட்டிலை வாசல் பக்கம் நகத்திப் போட்டு மூணு நாள் பாருங்க, சீரியலை மத்தியானமே டவுன்லோட் போட்டு வெக்கற வசதி அந்த ஆப்ல இருந்தா மாமியாருக்கு அதைப் பழக்கி உடுங்க. அதுக்கு மேலயும் நின்னுச்சுன்னா அந்த நோட்டுல இருக்கற ராத்திரி எட்டரை, காத்தால ஆறு ரெண்டு நேரத்து நம்பரையும் எனக்கு எழுதுங்க, அப்பீலுக்கு என்ன எழுதணும்னு நான் எழுதித் தர்றனுங்க.