தேவன் இலவசமாகத் தரும் கிருபையால்தான் இரட்சிப்பு என்றால், எல்லோருக்கும் சுவிசேஷம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்? அதுவும் ஒரு கிரியைதானே, அதாவது நாமே செய்து சம்பாதிக்கப் பார்க்கும் காரியம்தானே?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்கள், ஏதோ ஒரு ஃபெலோஷிப்பில் (கிறிஸ்தவ மாணவர் ஜெபக்கூட்டத்தில்) மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அங்கே வாரா வாரம் "எத்தனை பேரிடம் சொன்னாய்?" என்று கணக்குக் கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் வேறு யாருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு சூடாக வரும்?

சொன்னால்தான் உனக்குப் பரலோகம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், முன்வாசலில் துரத்திய கிரியையை அவர் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறார். எபேசியர் 2:8, 9 ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிக்கும் வசனம். இரட்சிப்பு தேவனுடைய ஈவு, யாரும் பெருமை பாராட்ட முடியாது. அடுத்த வசனத்தில்தான் நற்கிரியை வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்.

யாரும் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எசேக்கியேல் 3:18-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். நீ எச்சரிக்காமல் விட்டால் அவன் இரத்தப்பழி உன் கையில் கேட்கப்படும் என்று. பாபிலோனில் சிறையிருப்பில் கிடந்த இஸ்ரவேலருக்குக் காவலாளனாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்குச் சொன்னது அது. அதை பி.காம் இரண்டாம் வருடப் பிள்ளை தலையில் ஏற்றி, ஹாஸ்டலில் தூங்கவிடாமல் செய்வது எந்த ஊர் நியாயம்?

நான் தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் குடும்பம். திடப்படுத்தலுக்கு (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்குக்கு) முன்னால் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, அதாவது கேள்வி-பதிலாக இருக்கும் விசுவாசப் பாடத்தை, ஒப்பிக்க வேண்டும். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு அதில் வரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: என் சொந்த அறிவாலோ பலத்தாலோ என்னால் இயேசுவை விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் சுவிசேஷத்தின் மூலம் என்னை அழைத்தார். எனக்கே என்னால் செய்துகொள்ள முடியாததை இன்னொருவருக்கு நான் எப்படிச் செய்து கொடுப்பேன்? அதே சமயம் "சுவிசேஷத்தின் மூலம்" என்றும் இருக்கிறது. யாராவது வாயைத் திறந்தால்தான் அது காதில் விழும். ரோமர் 10:14-ம் அதைத்தான் கேட்கிறது. அதனால் சொல்லவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்வது விலை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது என் கதை. நான் நர்ஸ். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் இருந்தேன். (மதமாற்ற நர்ஸ் என்று கமெண்ட் போட விரலைத் தூக்கியவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.) வார்டில் நான் மதம் பேசுவதில்லை. படுத்துக்கிடப்பவரால் எழுந்து போக முடியாது. அவரிடம் போய்ப் பிரசங்கம் செய்வது அநியாயம் என்பது என் எண்ணம். அது இன்றைக்கும் மாறவில்லை.

ஒரு பெரியவர் இருந்தார். லாரி ஓட்டியவர். குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருக்கும். நீர் எடுக்க வேண்டிய நாளில் டியூப் வழியாக மஞ்சளாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், நான் பக்கத்தில் நின்று பி.பி. பார்த்துக்கொண்டு இருப்பேன். அப்படி ஒரு நைட் டியூட்டியில் அவராகவே ஆரம்பித்தார்.

"ஏம்மா சிஸ்டர், நீ வேதக்காரப் பொண்ணுதானே?"

"ஆமாங்கய்யா."

"நான் பொண்டாட்டிய அடிச்சே கொன்னவன்னு ஊர்ல சொல்லுவானுங்க. அடிச்சது நெசம். ஆனா அவ செத்தது காமாலையில. உங்க சாமி என்னை மாதிரி ஆளையெல்லாம் சேத்துக்குமா?"

கேட்டுவிட்டார். இப்போது மழுப்பினால் அது பொய். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிச் சொன்னேன். அவன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு நல்ல காரியம் செய்ய நேரமும் இல்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்றான், இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்றார். லூக்கா 23. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பெரியவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அவளுக்கு என்ன நியாயம்?"

எந்தக் கன்வென்ஷனிலும் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. கிருபையைப் பற்றி மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் கள்ளன் பக்கத்திலிருந்தே பேசுகிறார்கள். அவன் யாருடையதைத் திருடினானோ அந்த ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. தெரியலைங்கய்யா என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டியூப்பைச் சரிசெய்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

இதோடு போயிருந்தால் இந்தப் பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் ஒரு கோஷ்டி வரும். எந்தச் சபை என்று எங்களுக்கே தெரியாது. நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல் தலையணைக்கு அடியில் கைப்பிரதியைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவரின் மகன் கையில் அது கிடைத்தது. சிஸ்டர் எங்கப்பாவை மதம் மாத்தப் பாக்குது என்று நிர்வாகத்திடம் போய்ச் சத்தம் போட்டார். வார்டில் கிறிஸ்தவப் பெயர் உள்ளவள் நான் ஒருத்திதான். விசாரணை எல்லாம் இல்லை. மறுநாளே என்னை ஓ.பி.க்கு மாற்றிவிட்டார்கள். மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் அப்பாவாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். பெரியவர் அதற்கப்புறம் அதிக நாள் இல்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அப்போதுதான் சட்டத்தையும் தேடிப் படித்தேன். அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமைதான், அடுத்தவரை மாற்றும் உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் திட்டுகிற கிறிஸ்தவர்கள் நிறைய. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. மாற்றுவது என் வேலை இல்லை என்று ஞானோபதேசமே சொல்லிவிட்டதே.

இடமாற்றத்தைவிட எரிச்சலான விஷயம், பெரியவர் கதை தெரிந்ததும் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "அவர் ஏத்துக்கிட்டாராம்மா? சாட்சி சொல்லேன், ஒரு ஆத்துமா ஆதாயம் ஆச்சே" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போன மனுஷனை எண்ணிக்கையில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊர்க்காரியாக ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அப்புறம் இங்கே இருந்த இந்துக்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். அவர் நம் கோயில்களைக் கடுமையாகவும் பேசியிருக்கிறார், அதை மறைக்கவில்லை. இருந்தாலும் கேட்டார் இல்லையா? 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். தலையணைக்கு அடியில் தாளைச் செருகுகிற கூட்டத்துக்கு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேட்கப் பொறுமை இல்லை.

சம்பந்தம் இல்லாமல் இன்னொன்று. எங்கள் உறவுக்காரர் ஒருவரின் சபையில் (எந்தச் சபை என்று கேட்காதீர்கள்) அவருடைய அம்மா இறந்தபோது, சந்தா பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள், அப்புறம்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்றார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ரசீது போட ஓடினார்கள். இரட்சிப்பு இலவசம், ஆறடிக்கு மட்டும் ரொக்கமா? கல்லறையைப் பராமரிக்கச் செலவு உண்டு என்பீர்கள். உண்டுதான். அதை அடுத்த வாரம் கேட்டால் என்ன?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலே சொன்னாரே என்பார்கள். 1 கொரிந்தியர் 9:16. இரண்டு வசனம் தள்ளி, அதைச் செலவில்லாமல் கொடுப்பதே தன் பலன் என்கிறார், அதையும் படிக்கச் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் கேட்டால் 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அறிக்கைத் தாளில் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏன் என்று கேட்டால் 1 கொரிந்தியர் 3:6. நட்டவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் ஒருவர், விளையச்செய்தவர் தேவன். அதற்கும் சண்டைக்கு வந்தால் ஊரில் வேறு ஃபெலோஷிப்கள் இருக்கின்றன.

கமெண்டில் எசேக்கியேல் மூன்றாம் அதிகாரத்தோடு வருகிறவர்கள் அவனவன் பாவத்துக்கு அவனவனே பொறுப்பு என்கிற பதினெட்டாம் அதிகாரத்தையும் ஒருமுறை படித்துவிட்டு வரவும்.