ஓப்பன் ஃபில்டர் மாட்டினா எஞ்சின் டியூன் என்ன ஆகும்? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் காடிக்காரர்கள் (கார் வச்சிருக்கிறவர்கள்) கேட்டவையும், எஞ்சின் டியூனிங் பார்க்கும் அண்ணன் சொன்ன பதில்களும்.

கேள்வி: அண்ணே, நம்மது வியோஸ் 1.5. ஏர் பாக்ஸைக் கழற்றிட்டு 3 இஞ்ச் பைப்போட பாட் ஃபில்டர் (பெட்டி இல்லாம திறந்து நிக்கிற ஓப்பன் ஃபில்டர்) போட்டேன். கொஞ்ச நாள்ல செக் எஞ்சின் லைட். ஸ்கேன்ல பி0171, அதாவது கலவை லீன் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லை). ஃபில்டர் மட்டமா?

பதில்: ஃபில்டர் மேல பழி போடாதீங்க தம்பி, பைப்பைப் பாருங்க. உங்க காடியில காத்தை அளக்கிறது எம்.ஏ.எஃப் சென்சார். சூடான கம்பியைத் தாண்டிப் போற காத்து அதை எவ்வளவு ஆற வைக்குதுங்கிறதை வச்சுத்தான் ஈ.சி.யூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கணக்குப் போடுது. பழைய ஏர் பாக்ஸோட உள்விட்டத்துக்குத்தான் அந்தக் கணக்கு சரி. சென்சார் உட்கார்ற இடம் 60 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். அதை 66 ஆக்கினாலே பரப்பு 21 விழுக்காடு கூடிடும். அதே காத்து மெதுவாப் போகும், சென்சார் 17 விழுக்காடு போலக் குறைச்சுச் சொல்லும், பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். 3 இஞ்ச்னா 76 மில்லிமீட்டர். கலவை லீன் ஆகாம என்ன செய்யும்?

சாதாரணமா ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடிச்சு, ஃபியூவல் டிரிம்மை (பெட்ரோல் அளவுல ஈ.சி.யூ செய்யற திருத்தம்) கூட்டிச் சமாளிக்கும். அது எல்லை தாண்டினாத்தான் லைட் எரியும். ஃபுல்லா மிதிச்சா ஆக்சிஜன் சென்சாரை வச்சுத் திருத்துறது நின்னுடும். அப்போ லீனா ஓடினா நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறா வெடிச்சுத் தட்டுறது) வரும், பிஸ்டனுக்கே கேடு.

எஞ்சின் சூடானதும் ஸ்கேனர்ல லாங் டேர்ம் டிரிம்மை (நாள்பட்ட திருத்தம்) பாருங்க, ஐட்லிங்ல ஒருமுறை, 2500 ஆர்.பி.எம்.ல ஒருமுறை. கூட்டல் கழித்தல் 5 விழுக்காட்டுக்குள்ள இருந்தா நல்லது. கூட்டல் 10ஐத் தாண்டினா தேடணும். ஐட்லிங்ல அதிகமா இருந்து 2500ல இறங்கினா எங்கேயோ காத்து ஒழுகுது. ரெண்டுலயும் அதிகம்னா பைப் அகலத்தைச் சந்தேகப்படுங்க. பழைய உள்விட்டமே உள்ள ஹவுசிங் (சென்சார் உட்கார்ற குழாய்) போடுங்க. சென்சார்ல உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கணும், சென்சாருக்கு முன்னாடி வளைவு ஒட்டி வரக்கூடாது. பெரிய பைப்தான் வேணும்னா ஈ.சி.யூக்குள்ள இருக்கிற எம்.ஏ.எஃப் டேபிளை (காத்துக் கணக்குப் பட்டியல்) திருத்தித் தரும் டியூனரைப் பிடிங்க.

கேள்வி: ரோன் 97 பெட்ரோல் ஊத்தினா இந்த லீன் பிரச்சினை சரியாயிடுமா?

பதில்: நாக்கிங் கொஞ்சம் தள்ளிப்போகும். லீன் லீன்தான்.

கேள்வி: என்னோடது சாகா பி.எல்.எம். அதுக்கும் இதே பிரச்சினையா?

பதில்: இல்லை. அதுல மேனிஃபோல்ட் (காத்து சிலிண்டர்களுக்குப் பிரிஞ்சு போற குழாய்) அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார், பைப் அகலம் கணக்கைக் கெடுக்காது. உங்களுக்குச் சூடுதான் எதிரி. ரேடியேட்டர் பின்னாடி திறந்து கிடக்கிற பாட், நெரிசல்ல நிக்கும்போது வெந்த காத்தை இழுக்கும். 30 பாகையில வரவேண்டியது 60ல வந்தா காத்தோட அடர்த்தி 9 விழுக்காடு போல போச்சு. சத்தம் மட்டும் பெருசா கேட்கும், சக்தி குறைஞ்சிருக்கும்! மறைப்புத் தகடு போட்டு, ஹெட்லேம்ப் பக்கமிருந்து காத்து வர்ற மாதிரி வழி பண்ணுங்க.

கேள்வி: நாங்க இருக்கிறது தோட்டத்துக்குள்ள, செம்மண் ரோடு. செம்பனை லோரி போனா புழுதிதான். எண்ணெய் போட்ட காட்டன் ஃபில்டர் தாங்குமா?

பதில்: அந்த ரோட்டுக்கு ஏர் பாக்ஸும் பேப்பர் ஃபில்டரும் போதும், அடிக்கடி மாத்துங்க. காட்டன்தான்னா கழுவி, நிழல்ல முழுசாக் காய வச்சு, மெல்லிசா எண்ணெய் விட்டு 20 நிமிஷம் ஊற விடுங்க. வெள்ளையாத் தெரியற இடத்துல மட்டும் இன்னும் ஒரு சொட்டு. அதிகமானா எண்ணெய் எம்.ஏ.எஃப் கம்பியில ஒட்டி, அதுவும் தப்பா அளக்கும். ஒட்டிட்டா எம்.ஏ.எஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடிங்க, கம்பியை விரலால தொடாதீங்க, நல்லாக் காய்ஞ்ச பிறகு மாட்டுங்க. கார்ப் கிளீனர் (கார்ப்ரேட்டர் கழுவுறது) வேண்டாம். ஃபில்டருக்குப் பின்னாடி பைப்புக்குள்ள விரல் விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. சிவப்புத் தூள் ஒட்டினா புழுதி உள்ளே போகுதுன்னு அர்த்தம்.

கேள்வி: பம்பருக்குக் கீழே ஃபில்டர் வைக்கலாமா?

பதில்: குளிர்ந்த காத்து கிடைக்கும், வெள்ளத்துல தண்ணியும் கிடைக்கும். சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, பிஸ்டனைத் தாங்கற கனெக்டிங் ராட் வளையும். தண்ணியில எஞ்சின் நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீங்க, பிளக் எல்லாத்தையும் கழற்றணும்.

கேள்வி: பாட் போட்டதிலிருந்து ஐட்லிங் ஏறி இறங்குது. எம்.ஏ.எஃப் வண்டிதான்.

பதில்: ஏர் பாக்ஸோட வந்த பிரீதர் ஹோஸ் (எஞ்சின் மூச்சு விடுற ரப்பர் குழாய்) எங்கே? புது பைப்புல அதுக்கு இடம் இல்லேன்னு சும்மா விட்டிருப்பாங்க, அது வழியா சென்சார் அளக்காத காத்து உள்ளே போகுது. அதை எம்.ஏ.எஃப்புக்குப் பின்னாடி, த்ராட்டிலுக்கு முன்னாடி சேருங்க. பைப்புல விட்ட ஓட்டையையும் மூடி, கிளாம்ப் எல்லாம் இறுக்கிட்டு, ஸ்கேனர்ல பழைய டிரிம்மை அழிச்சு ஓட்டிப் பாருங்க.