மலையகத்தில் சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு ஏற்ற பை எது? – கேள்வி பதில்

இலங்கையின் மலையகத்தில் 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிளுக்கு மாறியவர்களில் சிலர் இன்னும் அதிலேயே வேலைக்குச் செல்கிறார்கள். பையைப் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு, இந்தப் பாதைகளில் ஓட்டியும் பழுது பார்த்தும் அறிந்தவற்றை வைத்துப் பதில் தருகிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், ஹட்டன்): ஐயா, மடிக்கணினி, சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் முதுகுப் பையில் கொண்டு செல்கிறேன். கரியரில் தொங்கும் பக்கப் பைக்கு மாறினால் ஏற்றம் இலகுவாகுமா?

பதில்: ஏற்றம் இலகுவாகாது, தம்பி. ஐந்து கிலோச் சுமை முதுகில் இருந்தாலும் கரியரில் இருந்தாலும் அதே ஐந்து கிலோவைத்தான் நீங்கள் மேலே கொண்டுபோக வேண்டும். ஆனாலும் மாறுங்கள் என்றே சொல்வேன். முதுகுப் பையின் பாரம் தோள் வழியாகக் கையிலும் இடுப்பிலும் இறங்குகிறது. வியர்த்த முதுகோடு ஏற்றம் முடிந்து இறக்கத்தில் காற்றுப்படும்போது, நம் ஊர்க் குளிரில் உடம்பு நடுங்கிவிடுகிறது. சுமை கரியரின் பக்கத்தில் தாழ்வாகத் தொங்கினால் வளைவுகளிலும் வண்டி நிலையாக நிற்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் முதுகுப் பையே மேல். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும் பழக்கம் உள்ளவருக்கு, பின்னால் தொங்கும் கனம் வண்டியை இருபுறமும் ஆட்டும். அப்படிப்பட்டவர் சுமையை இரு பக்கங்களுக்கும் பிரித்து, கனமானதை அடியில் வைத்து, இறுக்கமாகக் கட்ட வேண்டும். மடிக்கணினியைப் பையின் உட்பக்கச் சுவரோடு, கீழே தடித்த ஸ்பொஞ்சு வைத்து, நிமிர்த்தி வையுங்கள். குழியில் டயர் விழும்போது வரும் அடியை முதுகுப் பையில் உங்கள் உடம்பு தாங்கிக்கொள்ளும். கரியரில் தாங்குவதற்கு அந்த ஸ்பொஞ்சைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கேள்வி (தோட்ட அலுவலக ஊழியர், தலவாக்கலை): மழை உறையோடு வரும் பை போதுமா, அல்லது வாயைச் சுருட்டி மூடும் பைதான் வேண்டுமா?

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை உங்கள் பக்கத்துச் சரிவில் எப்படி இறங்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தினருக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை உண்டு. ஆகவே பையை வாங்கும்போது மழையைத் தினசரி நிகழ்வாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

முதுகுப் பையோடு வரும் மழை உறை வெளிப்பக்கத்தை மட்டுமே மூடுகிறது. தலையிலிருந்து வழியும் நீர் முதுகோடு இறங்கி, பட்டிகள் தைக்கப்பட்ட இடம் வழியாக உள்ளே போகும். சாரலுக்குப் போதுமான அந்த உறை, அரைமணி நேர அடைமழைக்குப் போதாது. வாயைச் சுருட்டி மூடும் பையில், துணியைத் தைக்காமல் சூட்டினால் ஒட்டியிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். தைத்த ஒவ்வொரு ஊசித் துளையும் நீருக்கு ஒரு வழி. வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டி மூடினால்தான் அது தன் வேலையைச் செய்யும். ஜெர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் 1982இலிருந்து செய்துவரும் பைகள் இந்த முறையைச் சேர்ந்தவை. விலை அதிகம், ஆனால் அதே அமைப்பில் மலிவான பைகளும் கிடைக்கின்றன.

நைலோன் துணியின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு உள்ள பைகளில் கவனம் தேவை. ஈரக் காற்றிலேயே கிடக்கும் பையில் அந்தப் பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து உரிந்துவிடும். பழைய பை வாங்குவதானால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டினால் வாங்க வேண்டாம்.

நீர் புகாத பைக்குள் நனைந்த மழைக்கோட்டைத் திணிப்பதும் பெரிய தவறு. வெளிநீரை உள்ளே விடாத பை, உள்ளே போன நீரையும் வெளியே விடாது. மழைக்கோட்டை வெளியே கட்டுங்கள். இரவில் பையின் வாயைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. அடுப்புக்கு மேலே மட்டும் தொங்கவிட வேண்டாம். சூட்டில் ஒட்டிய இணைப்புகள் சூட்டிலேயே விட்டுப்போகலாம்.

கேள்வி (தபால் அலுவலக ஊழியர், ஹப்புத்தளை): ஒரே ஒரு பக்கப் பை வாங்கவே வசதி உள்ளது. அதை இடப்பக்கம் மாட்டுவதா, வலப்பக்கமா?

பதில்: பொதுவாக இடப்பக்கம் என்பார்கள். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம், பஸ்ஸும் லொறியும் வலப்புறமாக உரசிக்கொண்டு முந்துகின்றன. வலப்பக்கத்தில் ஒன்றும் துருத்திக்கொண்டிராதது நல்லது. சமதரையில் ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மலையில் இன்னொரு பாடு உண்டு. நம்மில் பலர் செங்குத்தான துண்டுகளில் இறங்கி, வண்டியின் இடப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு நடக்கிறோம். அப்போது இடப்பக்கப் பை ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் மோதும். சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும் கம்பியும் இடப்பக்கமே இருப்பதால், கனமான பை வண்டியை அந்தப் பக்கமே கவிழ்க்கப் பார்க்கும். எனவே உங்கள் பாதையில் தள்ளும் தூரம் நிறைய இருந்தால், மெலிந்த பை ஒன்றை வலப்பக்கம் மாட்டுங்கள். ஹாண்டிலின் அகலத்தைவிட வெளியே வராத அளவில் அது இருக்கட்டும். பாதை முழுவதையும் மிதித்தே கடப்பவர் இடப்பக்கம் மாட்டலாம். உங்கள் ஊரின் காற்றுக்கு அகன்று தட்டையான பெரிய பை எப்பக்கத்திலும் ஆகாது. அது காற்றைப் பிடித்து வண்டியை இழுக்கும்.

கேள்வி (தாதி, நுவரெலியா): அண்ணா, வாங்கிய பையின் கொக்கி என் சைக்கிள் கரியரில் பிடிக்கவில்லை. வேறு பை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. முதலில் கரியர்க் கம்பியின் தடிப்பை அளந்துகொள்ளுங்கள். ஒரு நூலைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் தடிப்பு வரும். நூல் 31 மில்லிமீற்றர் என்றால் கம்பி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். கம்பி மெலிந்திருந்தால் பழைய டியூப் துண்டைச் சுற்றிப் பருமனாக்கலாம். கம்பி தடித்திருந்தால் கரியரையே மாற்றுவது நல்லது. கரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பையின் கீழ்ப்பகுதியும் கரியரில் பிடிபட வேண்டும். மேல்கொக்கி மட்டும் இருந்தால் குழியில் துள்ளி வெளியே வந்துவிடும். மாட்டிய பின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள்; குதிகால் பையில் முட்டினால் பையைப் பின்னால் நகர்த்துங்கள்.

சீருடை கசங்காதிருக்க, அதை மடிக்காமல் ஒரு துவாயோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள்.

கேள்வி (ஆசிரியை, பண்டாரவளை): பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த வீட்டுக்குக் கொண்டு செல்கிறேன். முன்கூடை போதுமா?

பதில்: முன்கூடை சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் உரியது, டீச்சர். கொப்பிக்கட்டின் கனம் ஹாண்டிலில் ஏறினால், இறக்கத்து வளைவில் திருப்பும்போது அது உங்கள் கையை மீறி இழுக்கும். கொப்பிகளை இரண்டாகப் பிரித்து இரு பக்கப் பைகளில் வையுங்கள். தடித்த பொலித்தீன் உறையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால், பை எதுவானாலும் பிள்ளைகளின் எழுத்து நனையாது. சுமையோடு இறங்கும்போது வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதால் பிரேக் கட்டைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கடை ஊழியர், மஸ்கெலியா): செலவழிக்க அதிகம் இல்லை. தைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். லொறிக்குப் போடும் தார்ப்பாய்த் துணியில், கரியரின் மேல் குறுக்கே போட்டு இருபுறமும் தொங்கும் இரட்டைப் பையைத் தையற்காரரிடம் கேளுங்கள். மூடி பையின் பாதி உயரம் வரை மடிந்து இறங்கட்டும். சக்கரத்தை நோக்கிய பக்கத்தில் மெல்லிய பலகை அல்லது பிளாஸ்டிக் தகடு வைத்தே தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துணி ஆரைக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். பட்டிகளின் நுனியையும் தொங்கவிடாமல் உள்ளே செருக வேண்டும், ஏனென்றால் இறக்கத்தில் சக்கரம் இறுகினால் விழுவது நீங்கள்.

கேள்வி (ரயிலில் தொடர்ந்து பயணிப்பவர், நானுஓயா): பனிமூட்டத்தில் பையின் நிறம் முக்கியமா?

பதில்: மஞ்சள், செம்மஞ்சள் பைகள் பகலில் உதவும். அதிகாலை மூட்டத்தில் நிறத்தைவிட ஒளியைத் திருப்பும் பட்டியும் பின்விளக்கும்தான் உங்களைக் காட்டும். பையையோ மழைக்கோட்டையோ கட்டிய பின், பத்தடி பின்னால் போய் நின்று விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். பலருடைய பின்விளக்கு அவர்களுடைய பைக்குப் பின்னாலேயே மறைந்திருக்கிறது. ரயிலிலும் கொண்டு போவதால், தோள்பட்டி உள்ளதாகவும் கொக்கிகளை மூட ஒரு மடிப்பு உள்ளதாகவும் தேர்ந்தெடுங்கள். அந்த மடிப்பு இருந்தால் சேற்றுக் கொக்கி உங்கள் சட்டையிலும் பக்கத்தில் நிற்பவரின் உடையிலும் படாது.