சித்திரையில் குமரிக்கு வரலாமா?

கேள்வி: மகன் குடும்பம் ஏப்ரலில் துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவிலுக்கு காரில் வருகிறார்கள். விவேகானந்தர் பாறை, திற்பரப்பு படகு எல்லாம் பார்க்கணுமாம். வானிலை ஒத்துழைக்குமா? – தக்கலை வாசகி

பதில்: தாராளமாக வரட்டும், ஆனால் காலையிலேயே ஊர் சுற்றப் பழக்குங்கள். இந்த மாதங்களில் காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கருக்கும், இடியும் மின்னலுமாகக் கோடை மழை கொட்டும். பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் அது சகஜம். அதனால் திற்பரப்பில் படகு ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், இடி கேட்டால் தண்ணீரில் இருக்க வேண்டாம்.

கடல் கதை வேறு. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் திடீரென்று பெரிய அலை கரையேறும், நம்மூர் மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயற்காற்று எழுப்பும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். எச்சரிக்கை வந்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள், சண்டை போடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கரையில் கால் நனைக்கவும் விடாதீர்கள்.

விமானம்? மழையை விட வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. பத்மநாபசுவாமி கோயில் பங்குனி ஆறாட்டு ஊர்வலம், சுவாமியை நீராட்ட, விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அன்று மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. டிக்கெட் போடும் முன் தேதி பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், சித்ரா பௌர்ணமி அன்று குமரியில் மாலை சூரியன் இறங்கும்போதே நிலா எழும். மேகம் மறைத்தால் நான் பொறுப்பில்லை.