கண்ணால் கண்டவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். இப்போது கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். அவனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது.

போன மாதம் மகன் எங்களை சான் பிரான்சிஸ்கோவுக்கு ஜயன்ட்ஸ் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனான். பக்கத்து இருக்கையில் எண்பதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பேச்சுக் கொடுத்ததும் அவர் முதலில் சொன்னது, "நான் வில்லி மேஸ் ஆடிப் பார்த்தவன்" என்பதுதான். பேரனின் பயிற்சியாளரும் இப்படித்தான், ரிக்கி ஹெண்டர்சனைப் பார்த்தேன் என்பார். இங்கே எல்லாரும் பழைய ஆட்டக்காரர்களை நேரில் பார்த்ததைப் பரம்பரைச் சொத்து மாதிரி சொல்கிறார்கள். பேரனோ, "எல்லா நம்பரும் இணையத்துல இருக்கு தாத்தா, வீடியோவும் இருக்கு. நேர்ல பார்த்தா என்ன பெருசு?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இந்தப் பகுதியில் வாழ்ந்தவர், பேஸ்பால் பற்றி அவ்வப்போது எழுதியும் இருக்கிறீர்கள். நேரில் பார்ப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது? நீங்கள் நேரில் பார்த்தவர்களில் யாரை முதலில் வைப்பீர்கள்? என் மகன் கேட்கவே வேண்டாம், ஜயன்ட்ஸின் பேரி பாண்ட்ஸ் என்கிறான்.

அன்புடன்,
ஆர். எஸ்., ஃப்ரீமான்ட்

அன்புள்ள ஆர். எஸ்.,

அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜயன்ட்ஸ் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது 1958இல். மேஸ் 1972 வரை அந்த அணிக்கு ஆடினார். பெரியவர் சிறுவனாக இருந்தபோது பார்த்திருப்பார். மேஸ் 2024 ஜூனில் தன் 93ஆம் வயதில் காலமானார். அவர் ஆடிப் பார்த்தவர்களும் இப்போது குறைந்துகொண்டு வருகிறார்கள்.

உங்கள் பேரன் சொல்வதில் பாதி சரி. மேஸின் 660 ஹோம் ரன்களையும் (நம் சிக்சர் மாதிரி, பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) அவருடைய புகழ்பெற்ற கேட்சையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 1954 உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம், நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, தோளுக்கு மேலாக வந்து விழும் பந்தைக் கைக்குள் வாங்கி, அப்படியே சுழன்று எறிகிறார். அந்தப் படத்தைப் பேரனை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பந்து மட்டையில் பட்டபோது மேஸ் எங்கே நின்றார், முதல் அடியை எப்போது எடுத்து வைத்தார்? படத்தில் அது இருக்காது. கேமரா அவரைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பாதித் தூரம் ஓடிவிடுகிறார். ஃபீல்டிங்கில் மேதைமை இருப்பதே அந்த முதல் அடியில்தான். அதைப் பார்த்தவர்கள் அன்று மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமே.

படமாவது இருக்கிறதே. படமும் இல்லாமல், சரியான கணக்கும் இல்லாமல் போனவர்களை நினைத்துப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக, 1947 வரை, அமெரிக்காவின் முதல்தர லீக்கான மேஜர் லீக்கில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்கள் நீக்ரோ லீக் என்ற பெயரில் தனியாக ஆடினார்கள். அங்கே ஜோஷ் கிப்சன் என்று ஒரு கேட்ச்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணிகளுக்கு ஆடியவர். யாங்கி ஸ்டேடியத்துக்கே வெளியே பந்தை அடித்தார் என்று ஒரு கதை உண்டு. இன்றுவரை யாரும் அதை நிரூபிக்கவில்லை. 1947 ஜனவரியில், 35 வயதில், இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து மேஜர் லீக்கில் காலெடுத்து வைத்தார். மூன்றே மாதம்.

கிப்சனை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது அவரைப் பார்த்தவர்களின் பேச்சுதான். அவர்களில் முக்கியமானவர் பக் ஓ'நீல். கான்சாஸ் சிட்டி மானார்க்ஸ் அணியின் ஆட்டக்காரர், பிறகு அதன் மேனேஜர். தொண்ணூறு வயது தாண்டியும் ஊர் ஊராகப் போய் இந்த ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். மட்டையில் பந்து படும்போது எழும் ஒரு தனி ஓசையைத் தன் வாழ்நாளில் மூன்று பேரிடம்தான் கேட்டேன் என்பார். சிறுவனாக இருந்தபோது ஃப்ளோரிடாவில், அந்தக் கால ஹோம் ரன் நாயகன் பேப் ரூத்திடம். பிறகு வாஷிங்டனில், உடை மாற்றும் அறைக்குள் இருந்தபோது கேட்டு வெளியே ஓடிவந்து பார்த்தால், அடித்துக்கொண்டிருந்தது ஜோஷ் கிப்சன். கடைசியாக 1986இல் கான்சாஸ் சிட்டியில், இளம் ஆட்டக்காரர் போ ஜாக்சனிடம். முதல் ஓசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல். அத்தனை காலம் அந்தக் காது அதை மறக்கவில்லை.

ஆய்வாளர்கள் பழைய கறுப்பினப் பத்திரிகைகளைத் தேடி ஸ்கோர் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் ஏட்டில் சேர்த்தது. மொத்த ஆட்ட வாழ்க்கைக்கான பேட்டிங் சராசரியில் (வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் என்ற மூலைக்கு ஓடிச் சேர்ந்தது) கிப்சன் .372 உடன் முதலிடத்துக்கு வந்தார். அதுவரை அந்த இடத்தில் .367 உடன் இருந்தவர் டை காப். கிப்சன் இறந்து 77 வருடம் கழித்து எண்கள் வந்து சேர்ந்தன. அதுவரை அவர் பெயரைத் தாங்கியவர்கள் கண்ணால் கண்டவர்கள். நேரில் பார்ப்பதில் என்ன பெரிது என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த பதில் இதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் நேரில் பார்த்தவர்களில் முதலில் வைப்பது இச்சிரோ சுசுகியை. யோசிக்காமலே சொல்வேன்.

ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்கு ஆடி, 1994 தொடங்கி ஏழு வருடம் தொடர்ந்து சராசரியில் முதலிடத்துக்கான பேட்டிங் பட்டம் வாங்கிவிட்டு, 2001இல் சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு வந்தார். அந்த முதல் வருடமே 242 ஹிட். சிறந்த புதுமுகம், மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளும் அவருக்கே. சியாட்டிலும் ஓக்லாந்தும் ஒரே பிரிவு என்பதால் அந்த அணி ஒவ்வொரு வருடமும் ஓக்லாந்து கொலிசியத்துக்கு வரும். டிக்கெட்டும் மலிவு. இச்சிரோ வருகிறார் என்றால் நான் போய்விடுவேன்.

டிவியில் இச்சிரோவைப் பார்த்தால் மெலிந்த ஒரு இடதுகை பேட்டர் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவது தெரியும், அவ்வளவுதான். மைதானத்தில் மேல் தளத்தில் உட்கார்ந்தால் வேறொரு ஆட்டம் தெரியும். அவர் பேட்டை, பந்து எறியும் பிட்ச்சரை நோக்கி நிமிர்த்திப் பிடித்து, இன்னொரு கையால் சட்டைத் தோளை லேசாக இழுத்துவிடுவார். அதற்குள் மூன்றாவது பேஸ்காரர் இரண்டடி முன்னால் வந்துவிடுவார். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் முன்னால் வருவார். காரணம், இச்சிரோ பேட்டர் நிற்கும் வீட்டுத் தட்டிலிருந்து முதல் பேஸ் வரையுள்ள 90 அடியை நாலு விநாடிக்கும் குறைவாக ஓடிவிடுவார். பந்து பேட்டருக்கு முன்னால் முதல் பேஸ் போய்ச் சேர்ந்தால்தான் அவுட். மற்றவர்களுக்கு நிதானமாக எடுத்து எறியக்கூடிய சாதாரண தரைப் பந்து, இவருக்கு அவசரப் பந்தாகிவிடும். ஷார்ட்ஸ்டாப் பந்தைக் கையில் எடுக்கும்போதே உடம்பில் பதற்றம் தெரியும். சிலசமயம் எறிவது வழி தவறும். அப்படி முன்னால் வந்து நின்றார்களே, அதனாலேயே இடைவெளிகள் அகலமாகும். அந்த இடைவெளி வழியாக அடுத்த பந்தைத் தள்ளிவிடுவார். 2004இல் அவர் அடித்த 262 ஹிட்டில் 225 சிங்கிள், முதல் பேஸ் வரை மட்டும் கொண்டுபோகும் ஹிட். சிங்கிள்தானே என்று சிலர் குறைத்துப் பேசியது எனக்கு அப்போதும் கோபம் வரவைத்தது, இப்போதும் வரவைக்கிறது. ஒரு ஆள் மட்டையோடு வந்து நின்றதும் எதிரணியின் நாலு பேர் இடம் மாறுகிறார்கள் என்றால் அவரை வேறு எப்படி அளப்பது?

அப்புறம் அவர் கை. 2001 ஏப்ரல் 11, அதே ஓக்லாந்து மைதானம். எட்டாவது இன்னிங்ஸில் பந்து இச்சிரோ காத்த ரைட் ஃபீல்டுக்கு, அதாவது மைதானத்தின் வலப்புறக் கோடிக்கு, வந்தது. முதல் பேஸில் இருந்த ஓக்லாந்தின் டெரன்ஸ் லாங் மூன்றாவது பேஸுக்கு ஓடினார். வழக்கமாக அது பத்திரமான ஓட்டம். இச்சிரோ எறிந்த பந்து தரையைத் தொடாமல், தாழ்வாக, மூன்றாவது பேஸ்காரரின் கையுறைக்குள் போய் விழுந்தது. லாங் அவுட். ரசிகர்களுக்கு "அந்த எறி" என்றாலே போதும், எது என்று புரியும்.

அன்றைய ஆட்டத்துக்கு நான் போகவில்லை. நான் பார்த்தது அதற்குப் பின்னால் வந்த வருடங்களை. ரைட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள் போகும். ஓட்டக்காரர் இரண்டாவது பேஸைத் திரும்பும்போது தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்ப்பார். பந்து 51ஆம் எண் சட்டை போட்ட இச்சிரோ கையில் இருக்கும். நின்றுவிடுவார். ஸ்கோர் ஏட்டில் இதற்கு ஒரு கோடு கூடக் கிடையாது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு பேஸ் மிச்சமாகிவிட்டது. டிவியும் காட்டாது. கேமரா அதற்குள் பிட்ச்சரின் முகத்துக்குப் போய்விடும். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ரேடாரும் கேமராவும் வைத்து ஓட்ட வேகம், எறியும் வேகம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். பேரன் நம்பும் எண்களில் நிறைய அப்படி வந்தவை. இச்சிரோவின் உச்ச வருடங்கள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

2004 அக்டோபர் 1 அன்று ஒரே வருடத்தில் 257 ஹிட் என்ற ஜார்ஜ் சிஸ்லரின் சாதனையை அவர் முறியடித்தார். சிஸ்லர் அதைச் செய்தது 1920இல். 84 வருடம் நின்ற எண். சிஸ்லரின் மகள் அன்று சியாட்டில் மைதானத்தில் இருந்தார். ஆட்டத்தின் நடுவே இச்சிரோ நேராக அந்தக் குடும்பம் இருந்த இடத்துக்குப் போய்க் கைகொடுத்தார். 2009இல் செயின்ட் லூயிஸ் போனபோது சிஸ்லரின் கல்லறைக்கும் போனார். இந்தப் பண்புக்காக அவரை நான் முதலில் வைக்கவில்லை. ஆனால் வைத்ததில் எனக்கு நிறைவு தருவது இந்தப் பண்பு.

சரி, உங்கள் மகனின் பேரி பாண்ட்ஸ். நான் கண்ணால் பார்த்த பேட்டர்களில் பாண்ட்ஸுக்கு மேல் யாரும் இல்லை. இதை மறைக்க மாட்டேன். 2001இல் 73 ஹோம் ரன். 2004இல் எதிரணிகள் அவரை 232 முறை வாக் (அடிக்கத் தகாத நாலு பந்து எறிந்தால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுத்து அனுப்பின, அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. அப்போதெல்லாம் கேட்ச்சர் எழுந்து நின்று கையை நீட்ட, பிட்ச்சர் நாலு பந்தையும் எட்டாத தூரத்தில் எறிய வேண்டும். (2017 முதல் சைகை காட்டினால் போதும்.) ஒவ்வொரு பந்துக்கும் மைதானம் முழுக்கக் கூச்சல் கிளம்பும். கோழைகள் என்று சொல்வதற்காக (ஆங்கிலத்தில் கோழி என்றால் கோழை) ரசிகர்கள் ரப்பர் கோழிப் பொம்மைகளைத் தொங்கவிடுவார்கள். பாண்ட்ஸ் அசையாமல் நின்று நாலு பந்தையும் பார்த்துவிட்டு, மட்டையைப் போட்டுவிட்டு நடப்பார். அவர் முறை வருகிறது என்றால் பீர் வரிசையில் நின்றவர்கள்கூட இருக்கைக்கு ஓடிவருவார்கள். ரைட் ஃபீல்ட் சுவருக்கு அப்பால் வளைகுடாவில் படகுகளில் ஆட்கள் வலையோடு காத்திருப்பார்கள்.

ஆனால் அவரை முதலில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து முறை வாக்கெடுப்புக்கு வந்தும், கடைசியாக 2022இல், ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குத் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை. நான் பார்த்த அந்தப் பந்துகள் எவ்வளவு தூரம் போயின என்பது எனக்குத் தெரியும். அவற்றில் எவ்வளவு அவருடையது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஒன்றை முதலிடத்தில் வைக்க முடியாது. உங்கள் மகன் இதை ஏற்க மாட்டார். பரவாயில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் யாங்கீஸ் வரும்போது அவர்களுடைய பிட்ச்சர் மரியானோ ரிவேரா. கிட்டத்தட்ட ஒரே வகைப் பந்து, கட்டர். கடைசி நொடியில் இடதுகை பேட்டரின் விரல்களை நோக்கித் திரும்பும். மட்டை முறிகிற சத்தம் மேல் தளம் வரை கேட்கும். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த சிலர் அவருக்கு எதிராக மட்டும் பக்கம் மாறி நிற்பார்கள். ரிக்கி ஹெண்டர்சனை நான் அவருடைய பின்வருடங்களில்தான் பார்த்தேன். பேரனின் பயிற்சியாளர் நல்ல காலத்தில் பார்த்திருப்பார், அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஹெண்டர்சன் 2024 டிசம்பரில் போய்விட்டார். அவருடைய பழைய அத்லெட்டிக்ஸ் அணியும் அதே ஆண்டு செப்டம்பரோடு ஓக்லாந்தை விட்டுப் போய்விட்டது.

உங்கள் பேரனுக்கு ஒரு யோசனை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியும் ஜயன்ட்ஸும் ஒரே பிரிவு, அதனால் டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி, பிட்ச்சிங்கும் பேட்டிங்கும் ஒருசேரச் செய்பவர், ஒவ்வொரு வருடமும் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவார். 2024இல் 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கிக்கு எதிராகப் பிட்ச்சராகப் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்து (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆக்கி), அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். பேரன் வீடியோவில் பார்த்திருப்பான். முடிந்தால் அவர் பிட்ச் செய்யும் நாளுக்கு அழைத்துப் போங்கள். யார் பிட்ச் செய்வார் என்பதைச் சில நாளுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள், அன்று டிக்கெட் விலையும் ஏறும். விலை கூடிய கீழ்த்தளம் வேண்டாம். வீட்டுத் தட்டுக்குப் பின்னால் மேல் தளம் போதும், மைதானம் முழுக்கத் தெரியும். ஓட்டானி மட்டையோடு வரும்போது பேரனை அவரைப் பார்க்க விடாதீர்கள். எதிரில் நிற்கும் ஏழெட்டுப் பேரும் எங்கே நகர்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவு ஆட்டம் என்றால் ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் வளைகுடாக் காற்று உங்கள் வயதுக்கு ஆகாது.