மகன் சிரித்த இடம்

கேள்வி: எனக்கு 46 வயது. கோண்டாவிலில் இருக்கிறோம். 1993இல், யாழ் குடாநாட்டில் போரால் கரண்ட் இல்லாத காலத்தில், மாமா வீட்டு விறாந்தையில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ‘சூப்பர்மேன்’ பார்த்தேன். பின்வளவில் ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இரைந்துகொண்டிருந்தது. அயலட்டையில் இருந்து இருபது பேராவது வந்திருப்பார்கள். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. போன ஆகஸ்ட் விடுமுறையில் அதே படத்தை என் மகனுக்கும் (14) மகளுக்கும் (10) போட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் மகன் போனைக் கையில் எடுத்துவிட்டான். பறக்கிற இடம் வந்ததும் “அப்பா, பின்னுக்கு வேற படத்தை ஓடவிட்டிருக்கிறாங்கள்” என்று சொல்லிச் சிரித்தான். என் முகம் வாடிப்போனது. அந்தப் படங்கள் உண்மையிலேயே நல்லவையா, அல்லது அப்போது எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லாததால் அப்படித் தெரிந்ததா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தம்பி,

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1993இல் உங்களுக்கும் 14 வயதுதான். அந்த விறாந்தையில் நித்திரை வராமல் கிடந்த பெடியனும் இப்போது போனைக் கையில் எடுத்த பெடியனும் ஒரே வயது. உங்கள் மகனிடம் இல்லாதது ரசனை என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு அந்த இரவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 1990இல் மின்சாரம் நின்றபிறகு எங்களுக்கு வெளிச்சமே ஒரு விசேஷம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டோம். அப்படி இருந்த ஒரு வீட்டில் திரை ஒன்று நீலமாக ஒளிர்ந்து, அதற்குள் ஒரு மனிதன் மேலெழுந்து பறந்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்? உங்கள் பிரியத்தில் ஒரு பங்கு அந்த இரவுக்கு உரியது. அதை டிவியில் போட்டுக் காட்ட முடியாது.

ஆனால் உங்கள் கேள்வி படத்தைப் பற்றியது. அதற்கு என் பதில்: ஓம், அது நல்ல படம். முழுவதும் அல்ல. எந்த இடங்கள் இன்றைக்கும் நிற்கின்றன என்று பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. நாயகன் தன் சக்தியைக் காட்டுகிற காட்சிகள் பழசாகிவிடுகின்றன. அவ்வளவு சக்தி இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் அவன் நிற்கிற காட்சிகள் அப்படியே இருக்கின்றன.

முதலில், மகன் சிரித்ததில் பிழை இல்லை. அவன் கண்டுபிடித்தது உண்மை. 1978இல் வந்த அந்தப் படத்தை எடுத்தபோது கம்பிகளை அழித்துவிடக் கணினி கிடையாது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவைக் கம்பியிலும் கொக்கியிலும் தொங்கவிட்டார்கள். பின்னால் வானத்தையும் நகரத்தையும் திரையில் ஓடவிட்டார்கள். ஸொரான் பெரிசிச் என்பவர் கமராவின் லென்சையும் புரொஜெக்டரின் லென்சையும் ஒன்றாகச் சூம் ஆகும்படி இணைத்தார். நடிகர் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்க, பார்ப்பவருக்கு அவர் தூரத்திலிருந்து பாய்ந்து வருவதுபோலத் தெரியும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காக வைக்கிற நீலத்திரைக்கு முன்னால் நீல உடுப்போடு நின்றால் உடுப்பும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் அந்தக் காட்சிகளுக்கு உடுப்பின் நிறத்தையே கொஞ்சம் பச்சை கலந்த நீலமாக மாற்றினார்கள். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். போனில் வீடியோ வெட்டி ஒட்டுகிற பெடியன் என்றால், பச்சைத்திரையைப் பற்றி உங்களைவிட அவனுக்குக் கூடத் தெரிந்திருக்கும். சிரித்த இடத்திலேயே அவன் நிமிர்ந்து உட்காருவான்.

சரி, நிற்கிற இடங்களுக்கு வருவோம். அந்தப் படத்தில் வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் விழுந்து இறக்கிறார். அடக்கம் செய்த இடத்தில் நின்று, இவ்வளவு சக்தி இருந்தும் தன்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் தாயிடம் சொல்கிறான். அந்தக் காட்சியில் கம்பியும் இல்லை, திரையும் இல்லை. ஒரு வயல்வெளி, ஒரு தாய், ஒரு பெடியன். 1978இல் எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்த விறாந்தையில் இருந்த இருபது பேரில் எத்தனை பேருக்கு அது வெறும் சினிமாவாக இருந்திருக்கும்? யாரோ ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன வீடுகளில் இருந்துதானே அவர்கள் வந்திருப்பார்கள்.

கடைசிப் பகுதியும் இதற்கு நல்ல சாட்சி. அவன் விரும்புகிற லோயிஸ் மண்ணுக்குள் புதைந்த காருக்குள் இறந்துவிடுகிறாள். அவன் அவளைத் தூக்கி எடுத்து, வானத்தைப் பார்த்து அலறுகிறான். அந்த அலறல் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கும். அடுத்த நிமிடமே பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னுக்குத் திருப்பிவிடுகிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. அது அன்றைக்கே பலவீனமான முடிவு. மகன் அதைக் கேலி செய்தால் நானும் அவனோடு சேர்ந்துகொள்வேன்.

ரீவின் நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். லோயிஸின் வீட்டில் ஒரு சின்ன இடம். அவள் உள்ளே போனதும் கிளார்க் (சூப்பர்மேன் சாதாரண ஆளாக நடமாடும்போது அவர் பெயர்) கண்ணாடியைக் கழற்றி, தோளை நிமிர்த்துகிறார். குரல் ஆழமாகிறது. உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைக்கிறோம். பிறகு தயங்கி, கூனி, கண்ணாடியை மாட்டி, பழையபடி அந்தக் கூச்சக்காரராகிவிடுகிறார். சில நொடிகள்தான். ஒரே உடம்பில் இரண்டு ஆட்கள். எத்தனை கோடி செலவழித்தாலும் கணினியால் இதைச் செய்து தர முடியாது. மகனை அந்த இடத்தில் மட்டுமாவது போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

இனி, பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ‘சூப்பர்மே’னில் தொடங்கியிருக்க மாட்டேன். அது ஆறுதலாக நகர்கிற படம். அவர் நகரத்தில் முதன்முதலாகப் பறந்து வந்து ஹெலிகொப்டரைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிறது. 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ஐ முதலில் போடுங்கள். அதில் ஸ்பைடர்மேனாக வருகிற பீட்டரை எங்கள் பிள்ளைகளுக்கு உடனே அடையாளம் தெரியும். பீட்சா கொண்டுபோகிற வேலை பறிபோகிறது, வாடகை கட்டக் காசில்லை, வகுப்புக்குப் போகப் பிந்துகிறது, சலவை இயந்திரத்தில் போட்ட உடுப்புகளில் சாயம் ஏறிவிடுகிறது. யூனிவேர்சிற்றிக்குப் போய்க்கொண்டே பகுதிநேர வேலையும் செய்கிற எந்தப் பெடியனுடைய வாழ்க்கையும் அதுதான்.

அதில் ரயில் காட்சி ஒன்று இருக்கிறது. ஓடுகிற ரயிலைத் தன் உடம்பாலேயே நிறுத்திவிட்டு அவன் மயங்கி விழப்போகிறான். பயணிகள் கைநீட்டிப் பிடித்து, தலைக்கு மேலாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்து கிடத்துகிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்த ஒருவர், இவன் என் மகனைவிட மூத்தவனாக இருக்கமாட்டான் என்கிறார். என் அக்காவின் பேரன் இந்தப் படத்தை என்னோடு இருந்து பார்த்தான். அதுவரை சோபாவில் சரிந்து கிடந்தவன் எழும்பி இருந்து, “இனி எல்லாருக்கும் இவர் ஆரெண்டு தெரிஞ்சிடுமே” என்று பதறினான். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாருக்கும் சொல்லமாட்டோம் என்றபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. அந்தப் படம் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

அடுத்ததாக, மகனுக்கு மட்டும், 2000இல் வந்த முதல் ‘எக்ஸ்-மென்’. அது 1944இல், போலந்தில் ஒரு முகாமில், மழையில் தொடங்குகிறது. ஒரு சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இழுத்துப்போகிறார்கள். அவன் கை நீட்ட, இரும்புக் கதவு வளைகிறது. கதவு வளைந்தும் பெற்றோர் திரும்பி வரவில்லை. பிறகு கதை எங்கள் காலத்துக்கு வருகிறது. வித்தியாசமாகப் பிறந்தவர்கள் எல்லோரும் பெயர் பதிய வேண்டும் என்று ஒரு அரசியல்வாதி சட்டம் கேட்கிறார். ‘பதிவு’ என்ற சொல் எங்கள் ஊரில் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மகன் கேட்டால் விளக்குங்கள். அந்தப் படத்தின் சண்டைகளும் கறுப்புத் தோல் உடுப்புகளும் இன்றைக்குச் சாதாரணம்தான். அந்த முதல் நிமிடங்கள் சாதாரணம் அல்ல.

1989இன் ‘பேட்மேன்’ அந்த நகரத்துக்காகவே பார்க்கத்தக்கது. இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் தெருக்களை உண்மையாகவே கட்டி எடுத்தார்கள். அன்டன் ஃபேர்ஸ்ட்டின் அந்தக் கலை வேலைக்கு ஒஸ்கார் கிடைத்தது. ஆனால் வில்லன் ஜோக்கர் செய்கிற கொலைகள் பத்து வயது மகளுக்கு வேண்டாம்.

1987இன் நான்காவது ‘சூப்பர்மே’னையும் 1997இன் ‘பேட்மேன் அண்ட் றொபின்’ஐயும் விட்டுவிடுங்கள். பழசு என்பதால் அல்ல, அவை வந்த நாளிலேயே சோர்ந்த படங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அவளைப் பற்றித்தான் யோசனை. இந்தப் பழைய படங்களில் பெண்கள் விழுவதும் அலறுவதும் தூக்கிக் காப்பாற்றப்படுவதும்தான் அதிகம். லோயிஸ் கெட்டிக்காரப் பத்திரிகையாளர், ஆனாலும் படம் முழுக்க எங்கிருந்தாவது விழுந்துகொண்டே இருக்கிறாள். சூப்பர்மேன் தன் கண்ணால் ஊடுருவி அவளுடைய உள்ளாடையின் நிறத்தைச் சொல்கிற ஒரு பேச்சும் இருக்கிறது. அப்போது பகிடியாக எடுத்தார்கள், இப்போது மகள் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கூசும். அவள் ஏன் என்று கேட்டால், அந்தக் காலம் அப்படி என்று கடந்துபோகாமல், அது சரியில்லை என்றே சொல்லுங்கள். நீங்கள் விரும்புகிற ஒன்றிலும் பிழை இருக்கிறது என்று அப்பாவின் வாயால் கேட்பது அவளுக்கு நல்லது.

இவை எல்லாம் முடிந்தபிறகு, விருப்பமென்றால், ‘சூப்பர்மே’னுக்குத் திரும்பி வாருங்கள். ஜோன் வில்லியம்ஸின் இசை தொடங்கும்போது சத்தத்தைக் கூட்டுங்கள். 2025இல் வந்த புதிய ‘சூப்பர்மேன்’ படத்தை மகன் பார்த்திருந்தால் அந்த மெட்டு அவனுக்கு ஏற்கெனவே பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்துகொள்வான்.

படம் போடுவதற்கு முதல், வீட்டு லைற்றை அணைத்துவிட்டு, அந்த விறாந்தையின் கதையைச் சொல்லுங்கள். அப்போது உங்களுக்கும் 14 வயது என்பதிலிருந்து தொடங்குங்கள். டெக் யாரிடம் எடுத்தீர்கள், மண்ணெண்ணெய் எப்படிக் கிடைத்தது, யார் யார் பாயில் இருந்தார்கள், படம் முடியும்வரை எண்ணெய் காணுமோ என்று மாமா எத்தனை தரம் எழும்பிப் பின்வளவுக்குப் போய்ப் பார்த்தார் என்று சொல்லுங்கள்.